நாளுக்கு 400 ரூபா

"உங்கள் சொந்த ஓட்டோ. நாளுக்கு வெறும் 400 ரூபா." பரந்தன் சந்தியிலோ கிளிநொச்சிச் சந்தைப் பக்கமோ இப்படி ஒரு லீசிங் பலகை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 வருடத் தவணை என்றால் மொத்தம் 7 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா. அதே காசுதான். ஆனால் அந்தத் தொகையைப் பலகையில் எழுத எந்த விளம்பரக்காரருக்கும் கை வராது.

காரணம், நம் மனதுக்கு விலையைத் தனியாக அளக்கத் தெரியாது. எதையாவது பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கும். 400 என்றதும் பிளேன்ரீ, ரோல்ஸ், ஃபோன் ரீலோட் என்று சில்லறைச் செலவுகள் ஞாபகத்துக்கு வருகின்றன. 7 இலட்சம் என்றால் காணி, நகை, மகளின் கலியாணம் வந்து நிற்கும். ஹார்வர்டில் இருந்த சந்தைப்படுத்தல் ஆய்வாளர் ஜோன் கூர்வில் 1998இல் இதைச் சோதித்துக் காட்டினார். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: நாட்கணக்குத் தொகை சில்லறையாகத் தோன்றும்வரைதான் இது எடுபடும். அதுவே பெரிதாகிவிட்டால் உத்தி காலை வாரிவிடும்.

வன்னியில் இதற்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் கமக்காரருக்கு நாட்சம்பளம் கிடையாது. காலபோகம் வெட்டினால் காசு, தண்ணீர் கிடைத்துச் சிறுபோகமும் செய்தால் இன்னொரு தடவை. இடையில் வரும் மாதங்களிலும் தவணை நிற்காது. நாளுக்கு 400 என்ற வரி, அவரிடம் இல்லாத ஒரு தினசரி வருமானத்தைச் சத்தமில்லாமல் அவர் மனதில் வைத்துவிடுகிறது. வரியில் பொய் இல்லை, கணக்கும் சரி. ஆனாலும் என்னைக் கேட்டால் அது நேர்மையான வரி இல்லை.

இழப்பைக் காட்டி எழுதுவது இன்னொரு வழி. உளவியலாளர்கள் டானியல் கானெமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் சொன்னது இது: 1,000 ரூபா கிடைக்கும் சந்தோசத்தைவிட 1,000 ரூபா தொலையும் வலி பெரிது. 1992இல் அவர்கள் போட்ட கணக்கில் அது ஏறக்குறைய 2 மடங்கு. அதனால்தான் 'விளைச்சல் கூடும்' என்பதைவிட 'வேறு நெல் கலந்த விதையால் இத்தனை மூட்டை போகும்' என்ற வரி விதைநெல்லை வேகமாக விற்கும். சரி, விற்கும். ஆனால் இழப்பு என்றால் என்னவென்று விளம்பரக்காரர் வந்து சொல்லித்தர வேண்டிய ஊரில்லை இது. விதையின் முளைதிறன் எவ்வளவு என்று பக்கெட்டில் போட்டாலே பாதி வேலை முடியும்.

எனக்குப் பிடித்தது குறையையும் சேர்த்துச் சொல்லும் முறை. 1945இல் ஜேர்மனி சரணடையும் முன், ஜப்பானுடனான போர் நீளும் என்று அமெரிக்கப் படையினரை நம்பவைக்க இரண்டு வானொலி உரைகள் தயாராயின. ஒன்றில் நீளும் என்பதற்கான காரணங்கள் மட்டும். மற்றதில் ஜப்பானின் பலவீனங்களும் இருந்தன. போர் சீக்கிரம் முடியும் என்று ஏற்கெனவே எண்ணியிருந்தவர்களை அதிகம் அசைத்தது இரண்டாவது உரைதான். உளவியலாளர் கார்ல் ஹொவ்லண்ட் குழுவினர் 1949இல் இதை வெளியிட்டார்கள். கேட்பவர் மனதில் ஓடும் மறுப்பை நாமே முதலில் சொல்லிவிட்டால், அவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

மொட்டைக்கறுப்பன் அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 'தரமானது, சுவையானது, இயற்கையானது' என்று எல்லாப் பக்கெட்டிலும்தான் இருக்கிறது. கண் அதைத் தாண்டிப் போய்விடும். இப்படி எழுதிப் பாருங்கள்: "சிவப்பரிசி. வெள்ளை அரிசியைவிட வேக நேரமெடுக்கும், முதலில் ஊறப்போடுங்கள். கஞ்சிக்கு இதுதான்." கொழும்பில் முதல்முறை வாங்குபவர் அடுப்பில் வைத்துவிட்டுத் திட்டமாட்டார். வேகவில்லையே என்ற குறையை நாமே சொல்லிவிட்டதால் கஞ்சியைப் பற்றிச் சொன்னதையும் நம்புவார்.

அதே ஆய்வில், ஏற்கெனவே ஒத்துப்போனவர்களிடம் ஒரு பக்கம் மட்டும் பேசிய உரையே நன்றாக எடுபட்டது. ஆகவே அந்த அரிசியைத் தின்று வளர்ந்த புதுக்குடியிருப்பு வாடிக்கையாளருக்கு ஊறப்போடும் பாடம் வேண்டாம். 'புது அரிசி வந்திருக்கு' என்று ஒரு காட்போட் மட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டால் போதும்.