ஓரடி இடைவெளி: கன்டெய்னருக்குள் சரக்கு நிலைகொள்வது எப்படி?

கொந்தளிக்கும் கடலில் ஒரு கப்பல் பக்கவாட்டில் 30 பாகை சாய்கிறது. அதில் அடுக்கப்பட்ட கன்டெய்னர்களில் ஒன்றினுள், சரக்கோடு சேர்த்து 1 டன் எடையுள்ள பாலெட் (சரக்கை அடுக்கித் தூக்குவதற்கான தட்டு) ஒன்று பக்கச் சுவரிலிருந்து ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாலெட்டின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் (தரையை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு நழுவலைத் தடுக்கிறது என்ற அளவு) 0.3 என்றால், அந்தச் சாய்வில் அது நழுவத் தொடங்கி, அந்த ஓரடியைக் கடந்து சுவரைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். இது ஒருவர் நிதானமாக நடக்கும் வேகம்தான். ஆனால் அந்த வேகம் சுவரில் 1 சென்டிமீட்டர் தொலைவுக்குள் நின்றுபோக வேண்டியிருப்பதால், சுவர் தாங்க வேண்டிய சராசரி விசை 7 டன் எடைக்கு மேல் போய்விடுகிறது. அதே பாலெட் தொடக்கத்திலேயே சுவரை ஒட்டி நின்றிருந்தால், அதே சாய்வில், உராய்வு போக அது சுவரை அழுத்தும் விசை கால் டன்னுக்குச் சற்றுக் குறைவாகவே இருந்திருக்கும்.

இரண்டு நிலைகளிலும் எடை, சாய்வு, உராய்வு ஆகிய மூன்றும் ஒன்றே. இடைவெளி மட்டுமே விசையை முப்பது மடங்காக்கிவிட்டது. சரக்கைப் பத்திரப்படுத்துவது என்றதும் நம் மனம் கயிற்றையும் பட்டையையும் நினைக்கிறது. உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதி காலி இடத்தை ஒழிப்பதுதான்.

இந்த மோதல் ஒருமுறையோடு முடிவதுமில்லை. ஒரு பெரிய கப்பல் ஒருபுறம் சாய்ந்து மறுபுறம் சாய்ந்து மீள 20 நொடி ஆகிறது எனக் கொண்டால், ஒரு நாளில் அது 4,320 முறை ஆடுகிறது. பத்து நாள் பயணத்தில் இந்த எண்ணிக்கை 43,000-ஐத் தாண்டும். எல்லா ஆட்டமும் 30 பாகைக்குப் போவதில்லை என்றாலும், சற்றே தளர்ந்த சரக்கு மேலும் தளர்வதற்குச் சிறிய ஆட்டங்களே போதுமானவை.

எவ்வளவு விசைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, ஐரோப்பாவுக்கான ஐநா பொருளாதார ஆணையம் ஆகிய மூன்றும் சேர்ந்து 2014-இல் ஏற்ற நடைமுறை நெறிமுறை கணக்குத் தருகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 1 ஜி என்று கொண்டால், சாலையில் திடீர் பிரேக் போடும்போது முன்னோக்கி 0.8 ஜி, பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 0.5 ஜி என்று அது வகுத்திருக்கிறது. அலைகள் 12 மீட்டருக்கு மேல் எழக்கூடிய கடற்பகுதிகளில் பக்கவாட்டில் 0.8 ஜி, நீளவாக்கில் 0.4 ஜி. ஆக, ஒரே பெட்டிக்கு லாரியில் ஆபத்தான திசை ஒன்று, கப்பலில் ஆபத்தான திசை வேறொன்று. அடுக்குபவர் இரண்டுக்கும் சேர்த்துத்தான் அடுக்க வேண்டும். தவிர, தம் பெட்டி கப்பலின் அடித்தளத்தில் போகுமா, ஆட்டம் மிகுந்த மேலடுக்கில் போகுமா என்பதும் அவருக்குத் தெரியாது.

இந்த நெறிமுறையின் அட்டவணையில் பலர் கவனிக்கத் தவறும் ஓர் எண் இருக்கிறது. மேற்சொன்ன கடுமையான கடற்பகுதிகளில், நீளவாக்கு விசையைக் கணக்கிடும்போது சரக்கின் எடையை முழுதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காக, அதாவது 0.2 ஜி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. கப்பலின் முனை அலைமேல் ஏறி மீண்டும் கீழே இறங்கும் கணத்தில், வேகமாகக் கீழிறங்கும் லிஃப்டில் நம் உடல் லேசாவதைப் போல, சரக்கும் தரையை அழுத்துவதைக் குறைத்துக்கொள்கிறது. உராய்வு என்பது அந்த அழுத்தத்தின் குழந்தை. அழுத்தம் ஐந்தில் ஒன்றானால் உராய்வும் ஐந்தில் ஒன்றாகிறது. "இவ்வளவு கனமான பொருள் எங்கே நகரப்போகிறது" என்ற நினைப்பு தரையில் சரியாக இருக்கலாம். கடலில் அது பிழைபடும் இடம் இதுதான்.

இனிச் சுவர்களுக்கு வருவோம். பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் தரப்படி, கன்டெய்னரின் பக்கச் சுவர் ஒவ்வொன்றும் பெட்டி ஏற்கக்கூடிய சரக்கு எடையில் 0.6 பங்கையும், முன்சுவரும் கதவும் 0.4 பங்கையும் தாங்க வேண்டும். 28 டன் சரக்கு ஏற்கும் 20 அடிப் பெட்டியில் இது முறையே 16.8 டன், 11.2 டன். கடலில் 0.8 ஜி பக்கவாட்டு விசை 22.4 டன் எடைக்குச் சமம். மரப் பாலெட்டுக்கும் பிளைவுட் தரைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.45 என்று கொண்டால் 12.6 டன்னை உராய்வே எடுத்துக்கொள்கிறது, மீதமுள்ள 9.8 டன்னைச் சுவர் சிரமமின்றித் தாங்கும். ஒரு பட்டைகூட இல்லாமல், சுவருக்குச் சுவர் நெருக்கமாக அடுக்கப்பட்ட சரக்கு பத்திரமாகப் போய்ச்சேர முடிவது இதனால்தான். சாலையில் முன்னோக்கி வரும் 0.8 ஜி-க்கோ முன்சுவர் பாதியை மட்டுமே தாங்கும். மறுபாதியை உராய்வு ஈடுசெய்தாக வேண்டும். வழுவழுப்பான பிளாஸ்டிக் பாலெட்டுகளில் அது போதாது.

சுவர் தாங்கும் எடை என்பது பரப்பு முழுவதும் சமமாகப் பரவிய எடை என்பதையும் மறக்கக் கூடாது. நெளிவு நெளிவாக மடிக்கப்பட்ட அந்த மெல்லிய எஃகுத் தகட்டில் ஒரு மரக்கட்டையை நேரடியாக முட்டுக்கொடுத்தால், தகடு பிதுங்கிவிடும். முட்டுக்கட்டைகளை மூலைத் தூண்களுக்கோ, பல நெளிவுகளைத் தொட்டுப் படுத்திருக்கும் நீளமான பலகைக்கோ கொடுக்க வேண்டும்.

இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது என்பது சரக்கைப் பொறுத்தது. எந்தக் கிடைத்திசையிலும் மொத்த இடைவெளி 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது நெறிமுறையின் பொது அளவு. காலிப் பாலெட்டுகளைச் செங்குத்தாகச் செருகலாம், மரச்சட்டங்களால் அடைக்கலாம், காற்றுப்பைகளை வைத்து ஊதலாம். காற்றுப்பை எளிய பொருளாகத் தோன்றினாலும், 0.2 பார் அழுத்தத்தில் ஊதப்பட்ட பை ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 2 டன் எடைக்கு இணையாகத் தள்ளுகிறது. இதனாலேயே கதவை ஒட்டி அதை வைப்பது தடுக்கப்பட்டிருக்கிறது. தாழ்ப்பாளை விடுவித்த நொடியில் கதவு திறப்பவர் மேல் பாய்ந்துவிடும்.

பெட்டியை நிரப்ப முடியாத ஒற்றை இயந்திரம் போன்ற சரக்குகளுக்குத்தான் பட்டைகள் உண்மையாகவே தேவைப்படுகின்றன. 2,000 கிலோ மரப்பேழை ஒன்றின் மீது 0.8 ஜி விசை பக்கவாட்டில் வந்தால் 1,600 கிலோ; அதே 0.45 குணகத்தில் உராய்வு 900 போக 700 கிலோ மிச்சம். பேழைக்கு மேலாகப் போட்டு இருபுறமும் 400 கிலோ இழுவையில் இறுக்கிய ஒரு பட்டை, செங்குத்தாக இறங்கினால், தரை அழுத்தத்தை 800 கிலோ கூட்டி 360 கிலோ உராய்வைத் தருகிறது. அதாவது இரண்டு பட்டைகள் வேண்டும். பட்டை தரையோடு 30 பாகைக் கோணத்தில் இறங்கினால் பயன் பாதியாகி நான்கு பட்டைகள் தேவைப்படும். பேழைக்கு அடியில் ரப்பர் விரிப்புகளை இட்டு உராய்வுக் குணகத்தை 0.6 ஆக்கினால், மிச்சம் 400 கிலோவாகக் குறைந்து, செங்குத்துப் பட்டை ஒவ்வொன்றின் பங்கு 480 கிலோவாக உயர்ந்து, ஒன்றே போதும் என்றாகிறது. விரிப்பைத் தவிர்த்துப் பட்டைகளைப் பெருக்குவது, என் பார்வையில், செலவும் உழைப்பும் வீணாகும் வழி. பட்டை எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், ஐஎஸ்ஓ தரம், பட்டையைக் கட்டும் தரை வளையத்திடம் கேட்கும் குறைந்தபட்ச வலு 1 டன்தான் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கப்பலில் ஏற்றுமுன் ஒவ்வொரு பெட்டியின் எடையும் சரிபார்க்கப்பட வேண்டும் என்ற விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்த எண், உள்ளே சரக்கு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. முத்திரை இட்ட பிறகு பெட்டியைத் திறந்து பார்க்கக் கப்பல் பணியாளருக்கு வழியும் இல்லை.

நெருக்கமாக அடுக்கிய பெட்டியிலும் வழியில் இடைவெளி பிறக்கலாம். ஈரமான மரப் பாலெட்டுகளிலிருந்து பகல் வெப்பத்தில் எழும் நீராவி, இரவில் குளிர்ந்த கூரையில் துளிகளாகப் படிந்து சரக்கின் மேல் சொட்டுகிறது. ஈரம் குடித்த அட்டைப்பெட்டிகள் வலுவிழந்து, மேலடுக்குகளின் எடையில் நசுங்கி உயரம் குறைகின்றன. அவற்றின் மேல் இறுக்கியிருந்த பட்டை தளர்கிறது. சாய்ந்த அடுக்கு கதவின் உட்புறத்தில் முட்டி நிற்கிறது. அதனால் பெட்டியைத் திறப்பவர் கதவுகளை முழுதாக வீசித் திறப்பதில்லை. தாழ்க் கம்பிகளைச் சுற்றி ஒரு பட்டையைத் தளர்வாகக் கட்டி, வலக் கதவை மட்டும் ஒரு கையகலம் திறந்து, பக்கவாட்டில் விலகி நின்று, உள்ளே எட்டிப் பார்க்கிறார்.