புது பேட்டரி வாங்கும் முன் கிளாம்பை ஆட்டிப் பாருங்கள்

"புது பேட்டரி போட்டு மூணு மாசம்கூட ஆகலை, மறுபடியும் செல்ஃப் எடுக்கலை" என்று ஒருவர் வந்தார். பேட்டரியை அளந்தேன், 12.6 வோல்ட். குறையே இல்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்குகள் மங்கும், அவ்வளவுதான். மைனஸ் கேபிளை, பேட்டரிக் குமிழைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புக்குப் பக்கத்தில் அழுத்தினேன். உள்ளே நொறுநொறுவென்றது. உறையைக் கீறினால் செம்புக் கம்பியெல்லாம் களிம்பேறி பச்சைப் பொடியாக உதிர்ந்தது. பழைய பேட்டரியை அவர் ஏற்கெனவே எடைக்குப் போட்டிருந்தார். அதுவும் நல்ல பேட்டரியாகத்தான் இருந்திருக்கும்.

செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் 'நல்லா இருக்கு' என்றே காட்டும். அதனால் வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் ஈயக் குமிழில், மறுமுனை கிளாம்பில். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பு சரியில்லை. அப்புறம் மைனஸ் குமிழுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் கேபிளை, அதாவது மைனஸை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் கேபிளை, சந்தேகப்படலாம்.

கிளாம்ப் கையால் திருப்பினால் அசையக் கூடாது. அசைந்தால் தகரத்துண்டு செருகுவதும் சுத்தியலால் தட்டி இறக்குவதும் வேண்டாம். தட்டினால் குமிழைச் சுற்றியுள்ள சீல் விட்டுவிடும். வழக்கமான பேட்டரிகளில் பிளஸ் குமிழ் மைனஸைவிடச் சற்றுப் பருமன், கிளாம்பை அதைப் பார்த்து வாங்குங்கள்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். குமிழில் படிந்த வெள்ளைப் பூப்பை சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, பிரஷ் போட்டு, நன்றாகக் காயவிட்டு இறுக்குங்கள். வாசலைன் அதற்குப் பிறகுதான். கேபிளை வெட்டினால் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டுங்கள், தெரியாவிட்டால் முழுக் கேபிளையும் மாற்றுங்கள். முறுக்கி டேப் சுற்றியதெல்லாம் எனக்கு ரிப்பேர் கணக்கில் வராது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று ஓடும் இன்ஜினில் கிளாம்பைக் கழற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நொடியில் எகிறும் மின்னழுத்தம் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவையே காவு வாங்கலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தாலே போதும், பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். 15-ஐத் தாண்டினால் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது. கழுவிய குமிழ் சில வாரத்திலேயே திரும்பப் பூக்க அதுவும் ஒரு காரணம்.