நெஞ்சுக்குள் ஒரு பொய்க் கட்டி

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா சிறு தேயிலை விவசாயி. மாதக்கணக்கில் வறட்டு இருமல். எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுவே ஒரு நிழல் தெரிந்தது. காசநோயாக இருக்கும் என்று சளியைச் சோதித்தார்கள், இல்லை. மலை இறங்கிக் கோவையில் ஸ்கேன் எடுத்ததும் ‘கட்டி’ என்றார்கள். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சதைப் பரிசோதனை முடிவில் புற்றுநோய் செல் ஒன்றுகூட இல்லை. ‘ஐஜிஜி4 சார்ந்த நோய்’ என்று இருந்தது. “ஐஜிஜி என்பது எதிர்ப்பொருள் என்று பிளஸ் டூவில் படித்தேன். எதிர்ப்பொருள் கூடினால் நல்லதுதானே, அது எப்படிக் கட்டியாகும்?” என்று கேட்கிறார்.

எதிர்ப்பொருளைச் சுரப்பவை பிளாஸ்மா செல்கள் என்பது அந்தப் பாடத்திலேயே இருக்கும். ஐஜிஜியில் நான்கு வகை உண்டு. நான்காவதன் பங்கு மிகக் குறைவு, நூற்றில் ஐந்து வந்தாலே அதிகம். 2001இல் ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழக மருத்துவர்கள், கணையப் புற்றுநோயைப் போலத் தோன்றிய ஒருவகைக் கணைய அழற்சியில் இந்த நான்காம் வகை ரத்தத்தில் எகிறியிருப்பதைக் கண்டார்கள். பிறகுதான் உமிழ்நீர்ச் சுரப்பி, பித்தக்குழாய், சிறுநீரகம், நுரையீரல் என்று எங்கு வேண்டுமானாலும் இதே நோய் வரும் என்பது புரிந்தது.

இந்த ஐஜிஜி4 ஒரு விசித்திரப் பிறவி. எந்த ஐஜிஜியும் கவட்டைக் குச்சி வடிவில் இருக்கும்: இரண்டு கைகள், ஒரு காம்பு. நீளவாக்கில் பிளந்தால் ஒரே மாதிரி இரண்டு பாதிகள். கந்தகப் பிணைப்புகள்தான் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. இரு கைகளும் ஒரே பொருளைத்தான் பற்றும். ஒரு கை ஒரு கிருமியையும் மறு கை பக்கத்துக் கிருமியையும் பற்ற, கிருமிகள் கொத்தாகச் சேரும். அந்தக் கொத்தைக் கண்டுதான் மற்ற வெள்ளணுக்கள் பாய்ந்து வருகின்றன.

முதல் வகையான ஐஜிஜி1இல் இந்த இரு பாதிகளும் சேரும் மூட்டு இறுக்கம். ஐஜிஜி4இன் மூட்டிலோ, அமினோ அமிலச் சங்கிலியின் 228ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதிலாகச் செரின் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் இந்த ஒற்றை அமினோ அமிலத்தால் பிணைப்பு தளர்ந்து, ரத்தத்தில் மிதக்கும்போதே அது இரண்டு பாதியாகப் பிரிகிறது. பிரிந்த பாதி, வழியில் அகப்படும் வேறொரு ஐஜிஜி4இன் பாதியோடு ஒட்டிக்கொள்கிறது! இப்போது ஒரு கை தூசிப் பூச்சியின் புரதத்தைப் பிடிக்கும், மறு கை தேனீ விஷத்தைப் பிடிக்கும். கொத்து சேரவே வழியில்லை. காம்பும் வெள்ளணுக்களை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. 2007இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு இன்று தரப்படும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்துகள் இரண்டும் ஐஜிஜி4 வகைதான். பாதி பிரிந்து ஓடிவிடாமலிருக்க, 228ஆம் இடத்தில் புரோலினைத் திரும்ப வைத்துத் தயாரிக்கிறார்கள். எனக்கு இதைவிட அழகான பொறியியல் தெரியாது.

ஒரே பொருள் திரும்பத் திரும்ப உடம்புக்குள் வந்தால் ஐஜிஜி4 கூடும். 1980களில் தேனீ வளர்ப்பவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது: ஆண்டுக்கணக்கில் கொட்டு வாங்கியவர்களின் ரத்தத்தில் தேனீ விஷத்துக்கான ஐஜிஜி4 நிறைய இருந்தது. அது விஷத்தை முந்திப் பிடித்து ஒவ்வாமையைத் தடுக்கிறது. கொடி ஏணியில் தொங்கி மலைத்தேன் எடுக்கும் குறும்பர்களையும், பழனி மலைப் பளியர்களையும் நினைத்துப் பாருங்கள். என் கையில் ஆராய்ச்சி நிதி இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு, முடிவை முதலில் அவர்களுக்கே சொல்வதென்ற நிபந்தனையோடு, அவர்கள் ரத்தத்தில் இந்த ஐஜிஜி4 எவ்வளவு என்பதைத்தான் ஆராயச் சொல்வேன். 1907 முதல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. ரத்தக் குப்பி கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை.

இவ்வளவு சாதுவான ஒன்று கட்டியை உண்டாக்குமா? அது நோயை மூட்டியதைவிட, மூண்ட அழற்சியைத் தணிக்க வந்து பெயரை வாங்கிக் கட்டிக்கொண்டது என்பதே என் கட்சி. பல ஆய்வாளர்களும் அந்தப் பக்கமே சாய்கிறார்கள். வெள்ளணுக்களில் சில டி செல்களும் பி செல்களும் விடாமல் தூண்ட, ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நாரை அளவில்லாமல் சுரக்கின்றன. நுண்ணோக்கியில் அந்த நார் சுழல் சுழலாகப் படிந்திருக்கும், இடையிடையே பிளாஸ்மா செல்கள் அடர்ந்திருக்கும், சிறு சிரைகள் அடைபட்டிருக்கும். 2012இல் பாஸ்டன் நிபுணர் குழு வகுத்த மூன்று அடையாளங்கள் இவை. நெஞ்சில் மூச்சுக்குழாயைச் சுற்றியும் முதுகெலும்பை ஒட்டியும் இப்படி நார் படியும்போது, ஸ்கேனில் அது புற்றுநோய்க் கட்டி போலவே தெரியும்.

ரத்த அளவை மட்டும் நம்ப முடியாது. டெசிலிட்டருக்கு 135 மில்லிகிராமுக்கு மேல் என்பது வழக்கமான எல்லை. ஆனால் நோயிருந்தும் அளவு கூடாதவர்கள் உண்டு. புற்றுநோயிலும் சிலருக்குக் கூடும். ஆகவே சதைப் பரிசோதனை அவசியம். அதிலும் ஐஜிஜி4 சாயம் போட்டுப் பார்க்கும்படி யாராவது கேட்டால்தான் போடுவார்கள். அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் அந்தச் சாயத்துக்குப் பணம் ஒதுக்குவது, புதுக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டுவதைவிடப் பயனுள்ளது.

வாசகர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். செய்வினை என்று சொல்லி ஒருவர் கொடுத்த பொடியில் இருமல் பாதி குறைந்ததாம். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்டீராய்டு கலந்த நாட்டுப் பொடிகள் பிடிபட்டிருக்கின்றன, இந்த நோயோ ஸ்டீராய்டுக்குச் சட்டென்று அடங்கக்கூடியது. ஆபத்தும் அங்கேதான். நிணநீர்ப் புற்றுநோயும் ஸ்டீராய்டில் தற்காலிகமாகச் சுருங்கும், காசநோயோ தீவிரமாகும். சதைப் பரிசோதனைக்கு முன் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பது தடயத்தை அழிக்கும் வேலை.

நோய் உறுதியான பிறகு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, பெரும்பாலும் நாளுக்கு 30 முதல் 40 மில்லிகிராம், பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். புதிய வீக்கம் கரையும், இறுகிப்போன பழைய நார் அவ்வளவாகக் கரையாது. நோய் திரும்பினால் பி செல்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் உண்டு. 2025இல் அமெரிக்காவில் இனெபிலிசுமாப் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்றது. அப்பா நன்றாக இருக்கிறார் என்று மாத்திரையைத் தாமாகவே திடீரென நிறுத்திவிட வேண்டாம். சர்க்கரை அளவையும் இடையிடையே பார்த்துக்கொள்ளுங்கள்.