என்ன வாசிக்கிறீர்கள், யாரைக் கேட்டு வளர்ந்தீர்கள்?

காதில் இரைச்சல் என்று வருகிறவர்களிடம் வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரை எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "பாட்டு, வாத்தியம் ஏதாவது உண்டா?" என்று கேட்பேன். அதுவரை ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்காருவார். ஐடி வேலை, ஞாயிற்றுக்கிழமை பறை வகுப்பு என்பார் ஒருவர். வங்கி வேலை, சர்ச்சில் டிரம்ஸ் என்பார் இன்னொருவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வயலினை எடுத்துவிடும் ஆசிரியைகள் உண்டு. என்ன கிட்டார், எந்த ஊரில் வாங்கியது, யாரைக் கேட்டு ஆசை வந்தது என்று சொல்லச் சொல்ல முகமே மாறிவிடும். கேட்க எனக்கும் பிடிக்கும். ஆனால் நான் அதையெல்லாம் குறித்துக்கொள்வது ரசனைக்காக மட்டும் இல்லை. காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் என்னைப் போன்ற ஒரு ஆடியாலஜிஸ்டுக்குப் பாதி விடை அந்தப் பேச்சிலேயே கிடைத்துவிடும்.

மேடையே பிழைப்பு என்று இருக்கும் கலைஞர்களைவிட, ஆசைக்காக வாசிக்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். "வாரத்துக்கு ரெண்டு நாள்தானே மேடம், அதிலே என்ன ஆகிடப்போகுது?" என்று கேட்பார்கள். அந்த இரண்டு நாள் மட்டும் என்றால் சரி. காலையில் மின்சார ரயிலில் இயர்போன், பகல் முழுக்க ஹெட்செட்டில் மீட்டிங், ராத்திரி போனில் புதுப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு ஸ்வரம் பிடிப்பது, சனி ஞாயிறு பயிற்சி. காதுக்கு வேலை நேரம், பொழுதுபோக்கு நேரம் என்ற பாகுபாடு கிடையாது. எல்லாவற்றையும் ஒரே கணக்கில்தான் எழுதிக்கொள்கிறது.

அந்தக் கணக்கு எளிமையானது. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு இது. 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2, 94-க்கு ஒரு மணி நேரம், 97-க்கு அரை மணி, 100-க்குக் கால் மணி நேரம்தான். 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது. ஆனால் நமக்கோ "கொஞ்சம் கூடியிருக்கு போல" என்றுதான் தோன்றும். ஆபத்து ஏறும் வேகம் காதுக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

பறையை எடுத்துக்கொள்வோம். பத்துப் பதினைந்து வருடங்களாக நகரத்து இளைஞர்கள் தேடிப்போய்ப் பறை கற்கிறார்கள், பெண்களும் நிறையப் பேர். அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் பறை வெட்டவெளிக்கான வாத்தியம். தெருவிலும் திடலிலும் அதன் ஓசை நாலாபக்கமும் போய்க் கரைந்துவிடும். இன்று வகுப்பு நடப்பது டைல்ஸ் போட்ட தரை, கண்ணாடி ஜன்னல், தாழ்வான கூரை உள்ள ஹாலில். இருபது பேர் வட்டமாக நின்று அடிக்கும்போது ஒலிமானியில் 100 டெசிபலைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேர வகுப்பு என்றால், அந்த வரம்புப்படி எட்டு நாளைக்கான ஒலியைக் காது ஒரே காலையில் வாங்கிவிடுகிறது. நெருப்பில் காய்ச்ச வேண்டாம் என்பதற்காகப் பலர் பிளாஸ்டிக் முகப்புப் பறையை வாங்குகிறார்கள். தோல் பறையைவிட அதன் ஓசை கூர்மையாக இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வகுப்பை மொட்டை மாடிக்கோ பூங்காவுக்கோ கடற்கரைக்கோ மாற்ற முடிந்தால் அதுவே பெரிய பாதுகாப்பு. முடியாவிட்டால் பாதி நேரம் குச்சியை வைத்துவிட்டு, அடவுகளையும் சொற்கட்டுகளையும் வாயால் சொல்லிப் பழகலாம். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் தெரிந்தவர்களுக்கு இது புதிதே இல்லை.

எந்த வாத்தியம் என்று தெரிந்தால் எந்தக் காதை முதலில் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மேற்கத்திய முறையில் தாடைக்கடியில் வைத்து வயலின் வாசிப்பவருக்கு இடது காது வாத்தியத்தின் மேலேயே இருக்கிறது. இடது காதின் ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், சற்று மோசமாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் வராது. நம் கர்னாடக முறையில் வயலினை நெஞ்சோடு சாய்த்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பதால் காது கொஞ்சம் தள்ளியிருக்கிறது. புல்லாங்குழலை வலப்பக்கம் நீட்டி வாசிப்பவருக்கு வலது காது. மோர்சிங்கின் ஒலியோ பல் வழியாக எலும்பில் ஏறி உட்காதுக்குப் போகிறது. காதை அடைத்தாலும் அது கேட்கும். சத்தம் குறைந்த வாத்தியம்தான் என்பதால் பயம் இல்லை, மேடையில் வாசிப்பவருக்குக் கேட்பதற்காகப் பக்கத்தில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்தான் பிரச்சினை.

சில சமயம் சொந்த வாத்தியத்தைவிடப் பக்கத்து வாத்தியம்தான் வினையாகிறது. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012-ல் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகம் ஒன்றுக்கு ஒத்திகை நடந்தபோது, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசித்த கலைஞர் ஒருவர் டிரம்பெட் போன்ற பித்தளை வாத்தியங்களுக்கு நேர் முன்னால் உட்கார நேர்ந்தது. அந்த ஒத்திகையோடு அவர் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது, மறுபடி வாசிக்க முடியாத நிலை வந்தது. 2018-ல் லண்டன் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, மறு வருடம் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அவ்வளவு பெரிய அரங்கிலேயே யார் எங்கே உட்காருவது என்பது இவ்வளவு முக்கியம் என்றால், பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாசிக்கும் நம் ஜாமிங் ரூம்களைப் பற்றி என்ன சொல்ல?

அந்த அறைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் தரையில் இருக்கும், அதன் ஸ்பீக்கர் வாசிப்பவரின் முழங்காலைப் பார்த்திருக்கும். தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று அவர் ஒலியைக் கூட்டுவார். எதிரே நிற்கும் பாடகரின் காதுக்கு அது நேராகப் போகும். தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று பாடகர் மைக்கைக் கூட்டச் சொல்வார், இருவரையும் மீறுவதற்கு டிரம்ஸ் இன்னும் ஓங்கி விழும். ஆம்பை ஒரு நாற்காலி மேல் வைத்து, வாசிப்பவரின் முகத்தைப் பார்த்துச் சாய்த்துவிட்டால் அவரே ஒலியைக் குறைத்துவிடுவார். பைசா செலவில்லை. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது சத்தத்தை வெளியே போகவிடாமல் தடுப்பதும் இல்லை, உள்ளே இருப்பவரின் காதைக் காப்பதும் இல்லை. சர்ச்சுகளில் டிரம்ஸைச் சுற்றி வைக்கும் அக்ரிலிக் தடுப்பும் அப்படித்தான். சபையாருக்கு ஓசை குறையும். உள்ளே உட்கார்ந்து வாசிக்கிற பையனுக்கோ எதிரொலியும் சேர்ந்து கூடும்.

யாரைக் கேட்டு வளர்ந்தீர்கள் என்று ஏன் கேட்கிறேன் என்றால், அந்த ஆதர்சம்தான் பயிற்சியின் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. மெட்டல் இசையில் ஊறியவருக்கு ஆம்ப் ஒரு அளவுக்கு மேல் போனால்தான் அந்தக் கரகரப்பு திருப்தியாக இருக்கும். நாதஸ்வரத்தில் மயங்கிக் கற்றுக்கொள்ள வந்தவர் கோயில் பிராகாரத்துக்கும் வீதி உலாவுக்கும் ஏற்ற ஓசையை அடுக்குமாடிப் படுக்கையறையில் எழுப்புகிறார். தனக்குப் பிடித்த பாடகரின் பதிவோடு சேர்ந்து பாடிப் பழகுகிறவர், தன் குரலை மீறி அது கேட்க வேண்டும் என்பதற்காக இயர்போனை உச்சத்துக்குக் கொண்டுபோகிறார். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வது இன்னும் மோசம். இரு காதில் கேட்கும்போது ஒலி கூடுதலாகத் தெரியும். ஒன்றைக் கழற்றியதும் அதை ஈடுகட்ட, மாட்டியிருக்கும் காதில் ஒலியைக் கூட்டிவிடுகிறோம்.

சத்தத்தால் வரும் கேள்விக்குறைவு முதலில் தொடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிப் பகுதியை. பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். அதனால் ஸ்ருதி சேர்ப்பதிலோ ராகம் பிடிப்பதிலோ ஆரம்பத்தில் ஒரு குறையும் தெரியாது. போவது ஸ்வரத்தின் மேல் படியும் மினுமினுப்பு. தம்புராவின் ரீங்காரம், ஜால்ராவின் நீண்ட ஒலி, பேச்சில் 'ஸ', 'ச' போன்ற எழுத்துகள். சர்ச்சில் பல வருடமாக டிரம்ஸ் வாசிக்கும் ஒருவர், புதிதாக வாங்கிய சிம்பலில் உயிரே இல்லை என்று கடையில் கொடுத்து மாற்றினார். மாற்றி வாங்கியதும் அப்படியே. அவருடைய மனைவி எதேச்சையாக, "இவருக்கு நான் பேசறதுகூடப் பாதிதான் கேக்குது" என்று சொன்ன பிறகுதான் பரிசோதனைக்கு வந்தார்கள். ஆடியோகிராமில் இரண்டு காதிலும் 4,000 ஹெர்ட்ஸில் ஆழமான பள்ளம், அதாவது அந்தப் பகுதி சரியாகக் கேட்கவில்லை. இதில் எனக்கு ஆதங்கம் என்னவென்றால், நண்பர்கள் கூடினால் தந்தி எது, பிக்கப் எது, சிம்பல் எது என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஓசை மங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னதும் உடனே இன்னொரு பொருளை வாங்கச் சொல்கிறார்கள். காதைப் பார்த்தாயா என்று ஒருவரும் கேட்பதில்லை.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும்போது காதில் 'ங்ஙொய்' என்று சத்தம், பஞ்சு வைத்தது போல் அடைப்பு. "தூங்கி எழுந்தால் போயிடும்" என்பார்கள், போயும்விடும். அதை முழுக் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009-ல் அமெரிக்காவில் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மேனும் சுண்டெலிகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பலத்த சத்தத்துக்குப் பிறகு எலிகளின் கேட்கும் அளவு பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. ஆனால் ஒலியை உணரும் உட்காதின் மயிரிழைச் செல்களைக் கேள்வி நரம்போடு இணைக்கும் தொடர்புகளில் பெரும் பகுதி அறுந்து போயிருந்தது. மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்று இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள். மயிரிழைச் செல்கள் அழிந்தால் மனிதக் காதில் மறுபடி முளைக்காது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. ஒரே ஸ்வரம் இரண்டு காதிலும் வேறு வேறு ஸ்ருதியில் கேட்கிறது என்று வருகிறவர்களும் உண்டு. வாசிக்கிறவருக்கு அதைவிடப் பெரிய வேதனை இல்லை.

சரி, என்ன செய்யலாம்? வாத்தியத்தை மூட்டை கட்டு என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அந்தப் பயத்தாலேயே பலர் பரிசோதனைக்கு வராமல் தள்ளிப்போடுகிறார்கள்.

இசைக் கலைஞர்களுக்கென்றே காதடைப்பான்கள் இருக்கின்றன. சாதாரண ஃபோம் அடைப்பான் கீச்சொலிகளை அதிகமாக வெட்டிவிடும், அதனால் இசை போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். 1988-ல் எட்டிமோட்டிக் நிறுவனம் கொண்டுவந்த ஈஆர்-15 எல்லா ஸ்ருதிகளையும் ஏறத்தாழ ஒரே அளவாக, 15 டெசிபல் குறைத்தது. இசை அதே இசைதான், சத்தம் மட்டும் தணிந்திருக்கும். கணக்குப் பாருங்கள். 100 டெசிபல் 85 ஆகிறது, கால் மணி நேரம் 8 மணி நேரமாகிறது. இன்று பல நிறுவனங்கள் இதே வகையைத் தயாரிக்கின்றன. ரெடிமேடாகவும் கிடைக்கும், ஆடியாலஜிஸ்டிடம் காதுக்கு அச்சு எடுத்தும் செய்துகொள்ளலாம். பாடகர்களும் குழல் வாசிப்பவர்களும் அச்சு எடுத்துச் செய்வதே நல்லது. மேலோட்டமாகச் செருகினால் சொந்தக் குரல் தலைக்குள் முழங்கும், சற்று ஆழமாகப் பொருந்தினால் அந்தத் தொல்லை குறையும். முதல் சில வாரம் பிடிக்காதுதான். வீட்டில் தனியாக வாசிக்கும்போது போட்டுப் பழகிவிட்டு அப்புறம் குழுவுக்குப் போங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது ஏறக்குறைய ஒன்றும் வைக்காததற்குச் சமம். டிரம்ஸ் வகுப்புக்குப் போகும் குழந்தைகளுக்குத் தலையில் மாட்டும் காதுறை வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் பயிற்சி அறையில் எவ்வளவு சத்தம் என்று தெரிய ஐபோன் இருந்தால் நியோஷ் இலவசமாகத் தரும் ஒலிமானிச் செயலி போதும். மற்ற போன்களில் செயலிக்குச் செயலி அளவு மாறும், ஒரு உத்தேசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

காது நன்றாக இருக்கும்போதே ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட அதுதான் ஆதாரம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே எடுக்கலாம். பல இடங்களில் 2,000 ஹெர்ட்ஸிலிருந்து 4,000-க்கும், அங்கிருந்து 8,000-க்கும் தாவிவிடுவார்கள். "நான் வாத்தியம் வாசிக்கிறேன், 3,000-மும் 6,000-மும் சேர்த்துப் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பயிற்சியும் இயர்போனும் வேண்டாம். 14 மணி நேரமாவது காது ஓய்ந்திருந்தால்தான் உண்மையான அளவு கிடைக்கும். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறை.

கடைசியாக, இது ஒத்திப்போடக் கூடாத ஒன்று. கச்சேரிக்குப் பிறகோ காலையில் எழுந்ததுமோ ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால், அழுக்கு, சளி, தண்ணீர் புகுந்துவிட்டது என்று எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அது நரம்பு சார்ந்த திடீர் கேள்விக்குறைவாக இருக்கலாம். முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் மீள வாய்ப்பு அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் அந்த வாய்ப்பு மளமளவென்று குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரை அன்றைக்கே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பழைய ஆடியோகிராம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.