உப்பு ஏறினால் ஆரஞ்சாகும் பாசி

சென்னைக்கு வடக்கே எண்ணூரை ஒட்டிய அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி பக்கம் பரந்து கிடந்த உப்பளங்களில், துறைமுகமும் அனல்மின் நிலையமும் போக இன்று மிச்சம் கொஞ்சம்தான். பொதுவாக உப்பளப் பாத்தியில் வெயிலுக்குத் தண்ணீர் சுண்டி உப்பு ஏற ஏற, சில நேரம் இளஞ்சிவப்பு தட்டும். உப்பு விரும்பும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் ஒரு காரணம். இன்னொன்று, துனாலியெல்லா சலைனா என்ற நுண்பாசி.

இது ஒரே செல்லால் ஆன பச்சைப் பாசி. நீளம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். கெட்டியான செல்சுவர் கிடையாது. கடல்நீரைவிடப் பல மடங்கு கரிக்கும் தண்ணீரில் சுருங்கிப் போகாமலிருக்க, உள்ளே கிளிசரால் தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. வெயில்தான் பெரிய தொல்லை. செலவழிக்க முடியாமல் மிஞ்சும் ஒளியாற்றல் செல்லையே சிதைக்கும். அதற்குக் குடையாக, பசுங்கணிகத்துக்குள் சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகளில் பீட்டா கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறமியைச் சேர்த்து வைக்கிறது. உலர் எடையில் 10 சதவீதம் வரைகூடப் போகும். கேரட் பக்கத்திலேயே வர முடியாது.

இந்த நிறமிக்காகப் பாசி வளர்ப்பவருக்குத் தலைவலி இங்கேதான். நைட்ரேட்டும் மிதமான உப்பும் கொடுத்தால் பாசி மளமளவென்று பெருகும், பச்சையாகவே இருக்கும். நைட்ரேட்டை நிறுத்தி உப்பையும் வெளிச்சத்தையும் கூட்டினால் ஆரஞ்சாகும், ஆனால் பெருக்கம் நின்றுவிடும். அதனால் முதலில் ஊட்டி வளர்த்து, அப்புறம் பட்டினி போடும் முறையும் உண்டு. கொடுமைதான்!

அறுவடை அதைவிடச் சிரமம். திறந்த குளத்தில் லிட்டருக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. மையவிலக்கியில் சுழற்றினால் ஆரஞ்சுக் குழம்பு கிடைக்கும். பீட்டா கரோட்டின் எண்ணெயில் கரையும் என்பதால் தாவர எண்ணெயிலேயே இழுத்துவிடலாம். இல்லையென்றால் கரியமில வாயுவை 31 டிகிரிக்கும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 73 மடங்குக்கும் மேலே கொண்டுபோனால், உலர்த்திய பாசியிலிருந்து நிறமியைக் கரைத்தெடுக்கும். அழுத்தத்தைக் குறைத்ததும் வாயு பிரிந்துவிடும். காற்றும் வெளிச்சமும் பட்டால் நிறமி வெளுக்கும் என்பதால், வைட்டமின் ஈ சேர்த்து இருட்டில் வைப்பார்கள்.

சரி, எண்ணூரில் உப்புநீரும், பாசிக்குத் தீனியாகும் புகைபோக்கிக் கரியமில வாயுவும் சும்மா கிடைக்கின்றனவே என்று கணக்குப் போடத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாசிகள் கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்ப்பவை. சாம்பல் கழிவு கலந்த, 2023 டிசம்பரில் எண்ணெய் மிதந்த கழிமுகத் தண்ணீரில் விளைந்ததை யார் மாத்திரையில் விழுங்குவது? இங்கே செய்வதானால் நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்துத் தனித் தொட்டியில்தான் வளர்க்க வேண்டும். அப்போது மலிவு என்ற பேச்சே போய்விடும்.