மழைக்காலத்தில் மொட்டையாகும் தேக்கு

தேக்கு வறண்ட காலத்தில் இலை உதிர்ப்பது இயல்பு. ஆனால் கேரளத்தின் நிலம்பூர்ப் பக்கம் ஜூன் மாதம் போனால், தென்மேற்குப் பருவமழையில் சுற்றியுள்ள காடெல்லாம் பச்சையாக இருக்க, தேக்குத் தோட்டம் மட்டும் அங்கங்கே குச்சியும் நரம்புமாக நிற்பதைப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அந்த மரங்கள் தளதளவென்று துளிர்த்திருக்கும்.

இது ஹைப்ளியா பியூரா என்ற அந்துப்பூச்சியுடைய புழுவின் வேலை. பூச்சி சிறியது, முன்னிறகு மங்கிய பழுப்பு, பின்னிறகில் கறுப்பும் ஆரஞ்சும். நிலம்பூரில் 1840களில் மலபார் கலெக்டர் கனோலி தேக்குத் தோட்டம் போடத் தொடங்கினார். அதன்பின் ஒரே மரம், ஒரே வயது என்று ஹெக்டேர் ஹெக்டேராக நட்டுக்கொண்டே போனார்கள். திருவிதாங்கூர் வனத்துறையில் இருந்த போர்டில்லன் 1898லேயே இந்தப் புழுவைப் பற்றி எழுதிவிட்டார். ஆக, நூற்றாண்டைத் தாண்டிய தலைவலி.

தாய்ப்பூச்சி தளிரிலையின் அடிப்புறத்தில், நரம்போரமாக, முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். ஒரு பூச்சி சில நூறு முட்டை இடும். இரண்டே நாளில் பொரிந்துவிடும். வெளியே வரும் புழுவுக்குத் தளிர்தான் வேண்டும். முற்றிய இலையைக் கடிக்க அதன் வாய்க்குத் தெம்பு கிடையாது. முதலில் இலையின் மேல்பரப்பைச் சுரண்டித் தின்னும். கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு தந்திரம் செய்யும்: இலை ஓரத்தை வளைவாக வெட்டி, அந்தத் துண்டை அப்படியே மடித்து, வாயிலிருந்து வரும் பட்டுநூலால் தைத்துக்கொள்ளும். அந்த மடிப்புக்குள் பதுங்கிக்கொண்டே சாப்பாடு. கடைசிப் பருவத்தில்தான் அசுரப் பசி. பெரிய நரம்புகளை மட்டும் விட்டுவிட்டு முழு இலையும் காலியாகும். அப்போது மரத்தடியில் நின்றால் புழுக்களின் எச்சம் சருகின் மேல் விழும் சத்தம் தூறல் போலக் கேட்கும்.

பத்துப் பன்னிரண்டு நாளில் புழுப்பருவம் முடிந்து, நூலைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்கி, சருகுக்குள் கூட்டுப்புழுவாகும். இன்னொரு வாரத்தில் அந்துப்பூச்சி. (இந்தோனேசியாவின் ஜாவாவில் தேக்குக் காட்டோர மக்கள் இந்தக் கூட்டுப்புழுவைப் பொறுக்கி, வறுத்துச் சாப்பிடுகிறார்கள். சந்தையிலும் விற்பனை உண்டு. பூச்சிக் கட்டுப்பாட்டில் இதையும் சேர்ப்பதா என்று தெரியவில்லை, ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை.)

தேக்கு இலையைத் தின்னும் முக்கியமான புழு இன்னொன்றும் உண்டு. அது நரம்புகளை எல்லாம் விட்டுவிட்டு இடையிலுள்ள பச்சையை மட்டும் தின்று, இலையைச் சல்லடையாக்கும். பார்க்க இதுதான் பயங்கரம்: தோட்டம் முழுக்கத் தீய்ந்துபோனதுபோல் பழுப்பாகிவிடும். ஆனால் கணக்குப் பார்த்தால் கதை வேறு. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் 1979 முதல் ஐந்தாண்டுகள் நிலம்பூரின் இளந்தேக்குகளில் சோதித்தார்கள். முதல் புழுவிடமிருந்து காப்பாற்றப்பட்ட மரங்கள் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 6.7 கனமீட்டர் வளர்ந்தன. காப்பாற்றாமல் விட்டவை 3.7 கனமீட்டர்தான். அதாவது வளரவேண்டியதில் 44 சதவீதம் போச்சு. சல்லடைப் புழுவாலோ சொல்லும்படியான இழப்பே இல்லை. காரணம், அது வருவது வருடக் கடைசியில். எப்படியும் சில வாரங்களில் உதிரப்போகிற இலை, அதன் வேலையை முடித்துவிட்டது. முதல் புழு வருவதோ மரம் சேமிப்பையெல்லாம் செலவழித்துத் துளிர்விட்ட கையோடு. மரம் சாகாது, மறுபடி துளிர்க்கும். அதற்கு வேண்டியதைத் தண்டுக்குப் போகவேண்டிய சத்திலிருந்துதான் எடுக்கும். நுனிமொட்டும் போனால் இளமரம் கவட்டையாகப் பிரிந்துவிடும், நீளமான அடிமரம் கிடைக்காது.

சரி, மருந்தடித்தால் என்ன? அடித்துப் பார்த்தார்கள். 1965இல் கேரளத்தின் கோன்னியில் எண்ட்ரின் என்ற கடும் நஞ்சை விமானத்திலிருந்து தெளித்தார்கள். இருபது மீட்டர் உயர மர உச்சிகளுக்கு வேறு வழியில்லை. ஆனால் காட்டுக்குள் ஓடைகள் இருக்கின்றன, புழுவுக்குள் முட்டையிடும் குளவிகளும் ஈக்களும் இருக்கின்றன. நஞ்சு ஆள் பார்ப்பதில்லை. அதோடு, இந்தப் பூச்சி பிறந்த இடத்திலேயே தங்குவதும் இல்லை, கூட்டமாகக் கிளம்பி வேறு இடத்தில் போய் முட்டையிடும். இங்கே அடித்துக்கொண்டிருக்கும்போது அங்கே மொட்டையாகியிருக்கும்.

இங்கேதான் ஒரு வைரஸ் உதவிக்கு வருகிறது. நிலம்பூரிலேயே நோய் தாக்கிச் செத்த புழுக்களிலிருந்து எடுத்தது, நியூக்ளியோபாலிஹெட்ரோ வைரஸ், சுருக்கமாக என்.பி.வி. என்ற வகை. வைரஸ் துகள்கள் புரதப் படிகத்துக்குள் பத்திரமாக இருக்கும். இலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்றதும், புழுவின் குடலிலுள்ள காரத்தன்மை படிகத்தைக் கரைத்துவிடும். வெளிவந்த வைரஸ் குடல் செல்களின் உட்கருவுக்குள் புகுந்து பெருகி உடம்பெல்லாம் பரவும். மூன்று நான்கு நாளில் புழு தளர்ந்து தொங்கும், உள்ளே எல்லாம் கூழாகித் தோல் கிழியும். அந்தக் கூழ் வழிகிற இலையைத் தின்னும் அடுத்த புழுவுக்கும் அதே கதி. மனிதன், பறவை, மீன் எதிலும் இது பெருகாது.

குறையும் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் இதைச் செயலிழக்கச் செய்யும், மழை கழுவிவிடும். வளர்ந்த புழுவைக் கொல்ல அதிகம் தேவை. அது சாவதற்குள் இலையும் போயிருக்கும். ஆகவே சின்னப் புழுவாக இருக்கும்போதே அடிக்கவேண்டும், அதற்குக் கிடைப்பது நாலைந்து நாள்தான். நிலம்பூரில் கவனித்ததில், பருவமழைக்கு முன்பு ஒன்றிரண்டு ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு திட்டுகளில்தான் தாக்குதல் முதலில் தெரிகிறது. பிறகே நூற்றுக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவுகிறது. அந்த முதல் திட்டுகளைக் கண்டுபிடித்து அடித்தால் செலவும் குறைவு, பலனும் அதிகம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் காடு முழுக்கத் தளிரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்க ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த முறையின் உண்மையான விலை அதுதான்.

வரப்போரம் நாற்பது ஐம்பது தேக்கு வைத்திருப்பவருக்கு இது சுலபம். கோடைமழைக்குப் பின் துளிர் விட்டதும் வாரம் இருமுறை இலையோரத்தில் மடிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கைக்கு எட்டும் மரமென்றால் மடிப்போடு நசுக்கிவிடலாம். வருடக் கடைசியில் இலை சல்லடையானால் பேசாமல் இருந்துவிடலாம். அப்புறம், பருத்திக் காய்ப்புழுவுக்குக் கடையில் விற்கும் என்.பி.வி.யை வாங்கித் தேக்கில் அடிக்கவேண்டாம். அது வேறு வைரஸ், இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது.