பாஸ்பார்ட்டூ: தமிழில் என்ன சொல்லலாம்?

அருங்காட்சியகத்தில் பழைய கோட்டோவியம் ஒன்றைச் சட்டத்துக்குள் பார்க்கிறோம். ஓவியத்தைச் சுற்றி அகலமாக ஓர் அட்டை தெரியும், நடுவில் சன்னல்போல் வெட்டியது. அதுதான் பாஸ்பார்ட்டூ. பிரிட்டனில் மவுண்ட் என்பார்கள், அமெரிக்காவில் மேட்.

சொல் பிரெஞ்சு. 'பாஸ்' என்றால் கடந்து போவது, 'பார்ட்டூ' என்றால் எங்கும். பல பூட்டுகளைத் திறக்கும் ஒற்றைச் சாவிக்கும் இதே பெயர்தான். அட்டைக்கும் இது பொருந்துகிறது: வெட்டும் சன்னலின் அளவை மாற்றினால் போதும், ஒரே சட்டத்தில் சின்னப் படமும் அடங்கும், பெரிய படமும் அடங்கும்.

ஆனால் இந்த அட்டை செய்கிற முக்கியமான வேலை அந்தப் பெயரில் இல்லை. கண்ணாடி நேராகத் தாளில் பட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கரிக்கோல் (சார்க்கோல்), வண்ணச் சுண்ணம் (பேஸ்டல்) ஆகியவற்றின் தூள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அட்டையின் தடிமன்தான் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடுகிறது. தாள் நெளிந்திருந்தால் இன்னும் தடித்த அட்டை வேண்டும்.

அப்புறம், ஓவியத்தை இந்த முன் அட்டையில் ஒட்டுவதில்லை. பின்னால் ஓவியத்தைத் தாங்கும் அட்டையில் (தாங்கட்டை), ஜப்பானியத் தாளின் சிறு துண்டுகளைக் கீலாக மடித்து, கோதுமை மாச்சத்துப் பசையால் பெரும்பாலும் மேல்விளிம்பில் மட்டும் பிடிப்பார்கள். காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தாள் விரியும், சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டிவிட்டால் அது நெளியும், கிழியவும் செய்யும். இந்தப் பசை நீர் பட்டால் இளகும் என்பதால், நாளை வேறொருவர் சேதமில்லாமல் பிரித்தெடுக்கலாம். செலோடேப்பை மட்டும் தொடவே கூடாது. அதன் மஞ்சள் கறையைத் தாளிலிருந்து நீக்குவது பெரும்பாடு.

மலிவான மரக்கூழ் அட்டையும் ஆபத்துதான். அதன் அமிலம் சன்னல் விளிம்பை ஒட்டி ஓவியத்தின்மேல் பழுப்புக் கோடு போட்டுவிடும். அருங்காட்சியகங்கள் அமிலமற்ற பருத்தி அட்டையைத் தேடுவது இதனால்தான்.

சரி, தமிழ்ச் சொல்? 'சாளர அட்டை' என்றால் எல்லோருக்கும் உடனே புரியும். எனக்குப் பிடித்தது 'காலதர் அட்டை'. காலதர் என்பது சன்னலுக்குப் பழந்தமிழ்ச் சொல்; கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' என்றே வருகிறது. நாம் நாள்தோறும் சொல்லும் சன்னல் போர்ச்சுகீசிய ஜனேலாவிலிருந்து வந்தது. ஆங்கில விண்டோவின் மூலமோ பழைய ஸ்காண்டிநேவிய மொழியான நோர்ஸில் 'காற்றுக் கண்'. ஓவியத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றுக்கு வழிவிடும் அட்டைக்குக் காலதர் என்ற சொல் அப்படியே பொருந்துகிறது. பொது வாசகருக்குச் சாளர அட்டை, பட்டறைக்குள் காலதர் அட்டை என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஓவியத்தைத் தாங்கட்டையில் பொருத்தும் வேலைக்கு 'அட்டையேற்றுதல்'.